கீழே வாங்கிய பழைய காருக்கு மேலே எந்த ஆயில்?

நீலகிரியில் 'கீழே போயிட்டு வர்றேன்' என்றால் மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ போகிறார் என்று அர்த்தம். மலைக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களில் பலர் பழைய கார் வாங்குவதும் கீழே போய்த்தான். அங்கே வண்டிகள் அதிகம், பேரம் பேசவும் இடம் உண்டு. வாங்கி மேலே ஏற்றிய ஒரு வாரத்துக்குள் என்னைப் போன்றவர்களிடம் வந்து கேட்பார்கள்: "மினரல் ஆயில் ஊத்தலாமா, சிந்தெடிக்கே ஊத்திடலாமா?" கச்சா எண்ணெயைச் சாதாரணமாகச் சுத்திகரித்து எடுக்கும் எஞ்சின் ஆயில் மினரல். அதைவிடப் பக்குவப்படுத்திய, விலை கூடிய ஆயில் சிந்தெடிக்.

என்னைக் கேட்டால் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. எஞ்சின் எந்த நிலையில் இருக்கிறது என்பது முதல் கேள்வி. அந்த எஞ்சினைச் செய்தவர்கள் எந்த ஆயிலைச் சொல்லியிருக்கிறார்கள் என்பது இரண்டாவது. இவை இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் மூன்றாவதற்குப் பாதிப் பதில் தானாக வந்துவிடும். இந்த வரிசையை நான் கற்றுக்கொண்டது பணம் கொடுத்துத்தான்.

என் முதல் பழைய கார் ஒரு மாருதி 800. கீழே ஒரு தரகர் மூலம் வந்தது. ஸ்டார்ட் செய்தால் தையல் மிஷின் மாதிரி ஓடியது. டயர் பார்த்தேன், பெயின்ட் பார்த்தேன், ஆர்சி புத்தகத்தை இரண்டு முறை பார்த்தேன். ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை மட்டும் இழுத்துப் பார்க்கவில்லை. கல்லாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் ஒவ்வொரு வளைவிலும் மீட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கியது. வண்டி நேரானதும் அணைந்துவிட்டது. லூஸ் ஒயராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பர்லியார் வரை ஓட்டிவிட்டேன். இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

குன்னூர் மெக்கானிக் டிப்ஸ்டிக்கை இழுத்தார். நுனியில்தான் ஈரம். அதை விரலில் தொட்டுக் கட்டைவிரலோடு சேர்த்துப் பிரித்தார், தேன் மாதிரி நூல் இழுத்தது. "சத்தம் வராம இருக்க எதையோ கெட்டியா கலந்திருக்காங்கண்ணா. லைட் வளைவுல மட்டும் எரிஞ்சா ஆயில் இல்லைன்னு அர்த்தம். நேர் ரோட்டுலயும் எரிஞ்சா எஞ்சின் இல்லைன்னு அர்த்தம்" என்றார். சம்ப்பில் (எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) ஆயில் குறைவாக இருந்தால் வளைவில் அது ஒரு பக்கமாக ஒதுங்கும், பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். சமவெளியின் நேர் ரோட்டில் மாதக்கணக்கில் தெரியாத குறை மலையின் முதல் வளைவிலேயே தெரிந்துவிடும். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் உடனே ஓரம்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். அடுத்த வளைவு வரை போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கவே வேண்டாம்.

முதல் வேலை: சமதளம் தேடுவது

கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் ஊட்டியிலும் கோத்தகிரியிலும் வீட்டு வாசலில் சமதளம் உள்ளவர்கள் பாக்கியசாலிகள். சரிவில் நிற்கும் காரில் டிப்ஸ்டிக் பொய் சொல்லும். மூக்கு மேலே இருந்தால் ஒரு கணக்கு, கீழே இருந்தால் வேறொரு கணக்கு. அதை நம்பி அரை லிட்டர் கூடுதலாக ஊற்றி, ஆயில் நுரைத்துப் போன வண்டிகள் உண்டு. பெட்ரோல் பங்க் தளம் பெரும்பாலும் மட்டமாக இருக்கும். கூட்டமில்லாத நேரத்தில் பங்க் ஆளிடம் சொல்லிவிட்டு ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் பொறுங்கள். மேலே ஏறிய ஆயில் கீழே வடியட்டும். கம்பியை இழுத்து, பழைய பருத்தித் துணியால் துடைத்து, திரும்ப முழுசாகச் சொருகி, மறுபடி இழுத்துப் பாருங்கள். முதல் தடவை இழுத்ததில் தெரியும் அளவைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருந்தால் போதும். பெரும்பாலான சிறிய கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு லிட்டர்தான்.

நிறத்தை வைத்துப் பதற வேண்டாம். டீசல் வண்டியில் ஆயில் மாற்றிய கொஞ்ச நாளிலேயே கறுத்துவிடும், அது அப்படித்தான். பெட்ரோல் வண்டியில் தேன் நிறத்திலிருந்து டிக்காஷன் நிறம் வரை போகலாம். கம்பியிலேயே பால் கலந்த காபி மாதிரி இருந்தால்தான் கவலை. கூலண்ட் தண்ணீர் உள்ளே இறங்குகிறது, ஹெட் கேஸ்கெட் (கூலண்டும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் தகடு) போயிருக்கலாம்.

இதில் மலைக்காரர்களுக்கு ஒரு குழப்பம் வரும். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால் உள்பக்கம் வெண்ணெய் தடவியது போல மஞ்சள் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கும். கீழிருந்து வந்த புதியவர்கள் அதைப் பார்த்ததும் எஞ்சின் போச்சு என்று முடிவுகட்டிவிடுவார்கள். ஊட்டி மாதிரி ஈரமும் குளிரும் உள்ள ஊரில், மார்க்கெட்டுக்கு இரண்டு கி.மீ., பள்ளிக்கூடத்துக்கு ஒன்றரை கி.மீ. என்று மட்டும் ஓடும் வண்டியில் இது சகஜம். எஞ்சின் முழுசாகச் சூடாவதற்குள் அணைத்துவிடுகிறோம். உள்ளே உண்டான நீராவி வெளியேற வழியில்லாமல் மூடியில் குளிர்ந்து ஆயிலோடு சேர்ந்து இப்படி ஆகிறது. துடைத்துவிட்டு ஒரு நாள் கூடலூர் வரை நிதானமாகப் போய்வந்து மறுபடி பாருங்கள். குறைந்திருந்தால் வெறும் ஈரம். கூலண்ட் டேங்கில் அளவும் இறங்கிக்கொண்டே போனால் பட்டறைக்கு விடுங்கள்.

இரண்டாவது வேலை: இறக்கத்தில் புகை பார்ப்பது

வாங்கும் முன்பே செய்ய முடிந்தால் நல்லது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் ரோட்டில் இரண்டாவது கியரில், ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமல் எஞ்சின் பிடிப்பிலேயே இறங்குங்கள். நீண்ட இறக்கம் முடிந்து மட்டமான ரோடு வந்ததும் ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். பின்னால் இன்னொரு வண்டியில் வரும் நண்பரைப் புகையைக் கவனிக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் நீலப் புகை ஒரு குப்பென்று வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் தேய்ந்திருக்கிறது. இறங்கும்போது எஞ்சினுக்குள் உண்டாகும் உறிஞ்சல் வால்வு தண்டு வழியாக ஆயிலை இழுத்துவிடுகிறது. ஏற்றத்தில் அழுத்தும்போதெல்லாம் விடாமல் நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் வரும் வெள்ளைப் புகை நீராவிதான். ஜனவரியில் ஊட்டியில் எல்லா வண்டியும் அதை விடும்.

இந்தச் சோதனை ஆயில் தேர்வுக்கு நேரடியாக உதவும். ரிங் தேய்ந்து ஆயிரம் கி.மீ.க்கு அரை லிட்டர் குடிக்கும் வண்டிக்கு விலையுயர்ந்த சிந்தெடிக் ஊற்றுவது காசை எரித்துப் புகையாக விடுவதுதான். ரிப்பேர் செய்யும் வரைக்கும் மினரலே போதும்.

மூன்றாவது வேலை: புத்தகம் என்ன சொல்கிறது என்று பார்ப்பது

பழைய காரோடு ஓனர் மேனுவல் வருவது அபூர்வம். பல கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் வைத்திருக்கின்றன. சில வண்டிகளில் ஆயில் மூடியின் மேலேயே கிரேடு பொறித்திருக்கும். அதில் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கிரேடு, தர எழுத்து.

கிரேடு என்பது 20டபிள்யூ-50, 15டபிள்யூ-40, 5டபிள்யூ-30 என்று டப்பாவில் பெரிதாக இருக்கும் எண். டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது குளிரில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதற்கு. சிறிய எண் என்றால் குளிரிலும் இளகி ஓடும். பின்னால் இருப்பது 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு.

இங்கேதான் கடைக்காரர் சிலர் குளிரைக் காட்டி விற்பார்கள். "ஊட்டிக் குளிருக்கு ஜீரோ டபிள்யூதான் சார்." உண்மை வேறு. ஆயில் கிரேடுகளை வகுக்கும் எஸ்ஏஇ அமைப்பின் விதிப்படி 20டபிள்யூ ஆயிலே மைனஸ் 20 டிகிரியில் பம்ப் ஆக வேண்டும், 5டபிள்யூ மைனஸ் 35-ல். தலைகுந்தாவில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி படியும் விடியலில்கூடப் பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழேதான் போகும். ஊட்டிக் குளிரில் எந்த ஆயிலும் உறையாது. ஆனால் மெல்லிய ஆயில் ஸ்டார்ட் ஆன முதல் விநாடிகளில் எஞ்சின் மேல்பகுதிக்கு வேகமாகப் போய்ச் சேரும், பேட்டரிக்கும் சிரமம் குறையும். அந்த லாபம் நிஜம். அதற்காகப் புத்தகத்தில் 15டபிள்யூ-40 போட்டிருக்கும் பழைய எஞ்சினில் 0டபிள்யூ-20 ஊற்றக் கூடாது. சூட்டில் அது நீர்த்துவிடும், பேரிங்குக்கு (சுழலும் தண்டைத் தாங்கும் பாகம்) நடுவே நிற்க வேண்டிய படலம் நிற்காது.

அந்தச் சூடு நமக்குச் சாதாரணம் இல்லை. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240 மீட்டர். ஐம்பது கி.மீ. சொச்சத்தில் ஏறக்குறைய 1,900 மீட்டர் ஏறுகிறோம். உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது, டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத எஞ்சின் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் சக்தியை இழக்கிறது. அதை ஈடுகட்ட இரண்டாவது கியரில் முறுக்கிப் பிழிகிறோம். கீழே கிளம்பும்போது 38 டிகிரி வெயில் வேறு. ஆகவே நமக்கு இரண்டு எண்ணும் முக்கியம்: காலைக் குளிருக்கு டபிள்யூவின் முன்னால் உள்ள எண், கல்லட்டி ஏற்றத்துக்கு அதன் பின்னால் உள்ள எண்.

தர எழுத்து என்பது ஏபிஐ என்ற அமெரிக்க அமைப்பின் முத்திரை. பெட்ரோலுக்கு எஸ்-ல் தொடங்கும்: எஸ்எல், எஸ்எம், எஸ்என், எஸ்பி என்று போகப் போகப் புதியது. 2020-ல் வந்தது எஸ்பி. பழையது கேட்கும் பெட்ரோல் வண்டிக்குப் புதியதை ஊற்றலாம், தலைகீழாகக் கூடாது. டீசலுக்கு சிஎச்-4, சிஐ-4, சிகே-4 என்று இருக்கும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகை மாசு விதி) டீசல் கார் என்றால் தனிக் கவனம் வேண்டும். அதில் பெரும்பாலும் டிபிஎஃப் என்ற கரிவடிகட்டி இருக்கும். சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் அதற்கு ஆகும். புத்தகத்தில் உள்ள குறியீடு எழுத்துக்கு எழுத்து டப்பாவில் இருக்க வேண்டும், இல்லையென்றால் வாங்காதீர்கள். அந்த வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட ஓட்டம் வேண்டும். குட்டி ஓட்டமாகவே ஓட்டினால் எரியாத டீசல் ஆயிலில் இறங்கும், டிப்ஸ்டிக்கில் அளவு கூடும். ஆயில் குறையவில்லை, கூடியிருக்கிறது என்று யாராவது பெருமையாகச் சொன்னால் உடனே மாற்றச் சொல்லுங்கள்.

இப்போது மினரலா, சிந்தெடிக்கா

பாதிப் பதில் வந்துவிடும் என்றேனே, அது இதுதான். புத்தகத்தில் 0டபிள்யூ-20 என்றிருந்தால் அந்தக் கிரேடில் மினரல் கிடைக்காது. 5டபிள்யூ-30-ம் பெரும்பாலும் சிந்தெடிக் அல்லது செமி (இரண்டும் கலந்தது). மறுபக்கம், 20டபிள்யூ-50 கேட்கும் கிழட்டு எஞ்சினுக்குக் கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை மினரல். உண்மையான தேர்வு 15டபிள்யூ-40, 10டபிள்யூ-30, 10டபிள்யூ-40 பக்கம் இருக்கும் நடுவயது வண்டிகளுக்குத்தான்.

'சிந்தெடிக்' என்ற சொல்லை ரொம்பப் புனிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்பு ரசாயன முறையில் கட்டியெழுப்பிய ஆயிலுக்கு மட்டுமே அந்தப் பெயர் இருந்தது. கச்சா எண்ணெயையே கடுமையாகச் சுத்திகரித்து எடுப்பதையும் அப்படி அழைக்கலாமா என்று அமெரிக்காவில் இரண்டு பெரிய கம்பெனிகளுக்குள் தகராறு வந்தது. அங்குள்ள விளம்பர ஒழுங்கு அமைப்பு 1999-ல் அழைக்கலாம் என்றது. இன்று கடையில் உள்ள பல 'ஃபுல்லி சிந்தெடிக்' அந்த ரகம்தான். கெட்டதில்லை, நன்றாகவே உழைக்கும். டப்பாவின் முன்பக்க அலங்காரத்தை விடப் பின்பக்கப் பொடி எழுத்துதான் முக்கியம் என்பதற்காகச் சொன்னேன்.

முன்கதை தெரியாத பழைய கார் என்றால் நான் செய்வது இது. வாங்கியதும் புத்தகத்தில் உள்ள கிரேடில் கிடைப்பதிலேயே விலை குறைந்த நல்ல ஆயில், புது ஃபில்டர். 1,500 அல்லது 2,000 கி.மீ. ஓட்டுவேன். பிறகு வடித்துவிடுவேன். வடியும்போது ஒரு வெள்ளைத் துணியில் கொஞ்சம் பிடித்து வெயிலில் காட்டிப் பார்ப்பேன், மினுமினு என்று உலோகத் தூள் தெரிகிறதா என்று. பழைய கசடை உள்ளேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வருவதுதான் அந்த ஆயிலின் வேலை. அதற்கு எதற்கு விலையுயர்ந்த ஆயில்? 'ஃப்ளஷ்' ஊற்றி ஒரேயடியாகக் கழுவிவிடலாம் என்பார்கள். கசடு நிறைந்த எஞ்சினில் அது கட்டி கட்டியாகப் பெயர்ந்து ஆயில் பம்பின் சல்லடையை அடைத்துவிடும். நான் செய்ய மாட்டேன்.

அதன் பிறகு உங்கள் ஓட்டம் முடிவு செய்யட்டும்.

ஊருக்குள் மட்டும் ஓட்டி வருஷத்துக்கு 4,000 கி.மீ. தாண்டாதவர் என்றால், சிந்தெடிக்கின் பத்தாயிரம் கி.மீ. ஆயுள் உங்களுக்குப் பயன்படப் போவதில்லை. குட்டி ஓட்டத்தில் ஆயிலைக் கெடுப்பது தூரம் அல்ல, ஈரமும் எரியாத பெட்ரோலும்தான். அதற்கு மருந்து அடிக்கடி மாற்றுவது. சிந்தெடிக் ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை என்று வைத்துக்கொண்டால், வருஷத்துக்கு ஒரு சிந்தெடிக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு மினரலும் கிட்டத்தட்ட ஒரே செலவு, ஃபில்டரும் கூலியும்தான் கூடுதல். இரண்டாவதையே சொல்வேன், அல்லது செமி. பருவமழைக்கு முன் மே கடைசியில் ஒன்று, பனி தொடங்கும் முன் நவம்பரில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

வாரத்தில் நான்கு நாள் கீழே இறங்கி ஏறுகிறவர், டாக்சி ஓட்டுகிறவர், டர்போ உள்ள எஞ்சின் வைத்திருக்கிறவர் என்றால் யோசிக்காமல் சிந்தெடிக். டர்போவின் பேரிங் ஆயிலை நம்பித்தான் பிழைக்கிறது, அந்தச் சூட்டில் மினரல் சீக்கிரம் கருகும். சிந்தெடிக் ஊற்றினாலும் மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக 36 வளைவு ஏறி வந்ததும் படக்கென்று சாவியைத் திருப்பாதீர்கள். ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு அணையுங்கள்.

"பழைய வண்டிக்கு சிந்தெடிக் ஊத்தினா ஒழுகும்" என்பதில் பாதி உண்மை. ஆரம்பகால சிந்தெடிக்குகள் ரப்பர் சீலோடு ஒத்துப்போகாமல் படுத்தியது உண்டு. இப்போதைய ஆயில்கள் அப்படி இல்லை. ஆனால் ஏற்கெனவே விரிந்த சீலைக் கசடு அடைத்துக்கொண்டிருந்தால், நல்ல ஆயில் அதைக் கழுவி ஒழுக்கை வெளியே காட்டும். மினரலிலிருந்து சிந்தெடிக்குக்கும் அங்கிருந்து திரும்பவும் தாராளமாக மாறலாம். வழியில் அவசரத்துக்கு ஒன்றோடு ஒன்று கலந்தாலும் எஞ்சின் திரிந்த பாலாகிவிடாது.

வாங்கும்போதும் மாற்றும்போதும்

தெரிந்த கடையில் வாங்குங்கள். மூடி சீல், தயாரிப்புத் தேதி, டப்பாவின் அடிப்பகுதி அச்சு எல்லாம் பாருங்கள். பட்டறையில் உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். காலி டப்பாவைக் கத்தியால் கிழித்துவிட்டு வாருங்கள். நல்ல நிலையில் உள்ள காலி டப்பாவுக்கு விலை கொடுக்க ஆள் இருக்கிறது, அதில் எது நிரம்பித் திரும்பி வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வீட்டிலேயே மாற்றுகிறவர்கள் சரிவில் ஜாக்கி போடவே கூடாது. மட்டமான இடத்திலும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நுழைக்காதீர்கள், ஸ்டாண்ட் வேண்டும். கட்டைக்குப் பதில் கல் வைத்தவர்கள் வேலை முடிந்ததும் அதை ரோட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள் (இந்த மலையில் பாதிப் பேருக்கு இந்தப் பழக்கம் இருக்கிறது). எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடித்தால் கசடோடு வரும். வடிகால் போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள், சில ரூபாய்தான். ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் புது ஆயில் ஒரு சொட்டு தடவிக் கையால் இறுக்கினால் போதும். புத்தகத்தில் சொன்ன அளவில் கால் லிட்டர் குறைத்து ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, டிப்ஸ்டிக் பார்த்து மீதியைச் சேருங்கள். மிச்ச ஆயிலை வீட்டு பைக்கில் ஊற்றிவிடாதீர்கள். பல பைக்குகளில் கிளட்சும் அதே ஆயிலில்தான் நனைகிறது, கார் ஆயில் பட்டால் வழுக்கக்கூடும்.

வடித்த கருப்பு ஆயிலைச் சாக்கடையில் விட்டால் அது ஓடையில் சேர்ந்து கீழ்க் கிராமத்தின் குடிதண்ணீருக்கே போகும். மூடி உள்ள கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுங்கள், அங்கே சேர்த்து வைத்து விற்பார்கள். வேலிக் கம்பத்துக்குப் பூசுகிறேன் என்று தோட்டத்துக்காரர்கள் கேட்பதும் உண்டு. மழைக்கு அது மண்ணில்தான் இறங்கும் என்பதால் நான் கொடுப்பதில்லை.

மாற்றிய அன்று இரவு எஞ்சினுக்கு அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, காற்றில் பறக்காமல் கல் வைத்துவிடுங்கள். காலையில் தாளில் பொட்டு எதுவும் இல்லையென்றால் மட்டும் அடுத்த நாள் கீழே போகலாம். டிக்கியில் அதே கிரேடில் ஒரு லிட்டர் டப்பா இருக்கட்டும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் ஆயில் கடை தேடி அலைய முடியாது.